எட்டுக்கு அடுத்தது பத்து

எனக்குப் பட்டியல் இல்லாமல் மலை ஏற வராது. செய்யும் வேலை அப்படி. சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர் நான். கோபுரத்துக்குள் ஏணியில் கால் வைக்கும் முன் இருபத்திரண்டு வரிகள் கொண்ட ஒரு தாளில் ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். பெல்ட், கொக்கி, ஹெல்மெட், காற்றின் வேகம், கூட ஏறுபவர் யார், கீழே நிற்பவர் யார். எட்டு வருடங்களாக இதைச் செய்து செய்து, இப்போது மாவு அரைக்கக் கொடுக்கப் போனாலும் கையில் ஒரு சீட்டு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மலை ஏறும் குழுவுக்கும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனேன். அதனால் நல்லது நிறைய நடந்திருக்கிறது. வம்பு ஒரே ஒருமுறை வந்தது. அதுவும் என்னால்தான்.

எங்கள் குழுவில் எல்லோருமே தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். ஆண்களை விரும்பும் ஆண்கள், பெண்களை விரும்பும் பெண்கள். தென்காசியைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் ‘சுக்கு காப்பி’ என்று இருக்கும். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தாலும் உடம்புக்கு நல்லது என்று விட்டுவிடுவார்கள்.

ஆரம்பித்தவர் செங்கோட்டையில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தாறு. அவரைத் தலைவர் என்போம். அவருடைய துணைவர் புனலூர்க்காரர், எங்களுக்குச் சேட்டன். சனிக்கிழமை ரயிலில் வந்து செங்கோட்டையில் இறங்குவார், திங்கள்கிழமை திரும்பிப் போவார். பல வருடங்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஞாயிறுதோறும் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். பிறகு தலைவர் கைபேசியில் ஒரு டேட்டிங் செயலியில் சேர்ந்து, ‘மலை ஏற விருப்பம் உள்ளவர்கள் வரலாம்’ என்று எழுதிவைத்தார். அதைப் பார்த்து வேறு அர்த்தம் செய்துகொண்டு வந்தவர்கள் உண்டு. அப்படி வந்த ஒருவர், நாலு மணி நேரம் ஏறி இறங்கிய பிறகு பாறையில் படுத்துக்கொண்டு, “மலை ஏற வாரீரான்னு கேட்டுட்டு நெசமாவே மலை ஏத்துத ஆளு உலகத்துலயே நீரு ஒருத்தர்தான்வே” என்றார். அவர் இப்போது ஐந்தாம் எண்.

எண் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பாதையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்ற வழக்கம் நான் வருவதற்கு முன்பே இருந்தது. சாரல் மாதங்களில் குற்றாலத்தைச் சுற்றி எந்தப் பாதையில் போனாலும் தெரிந்தவர் ஒருவர் எதிரே வருவார். உரக்கக் கூப்பிட்ட பெயர் நமக்கு முன்னே ஊருக்கு இறங்கிவிடும். அதற்காக ‘ஏய்’, ‘ஓய்’, ‘ஏட்டி’ என்றே காலம் தள்ளினோம். ‘ஓய்’ என்றால் நாலு பேர் திரும்புவார்கள். பனிமூட்டத்தில் இது ஆபத்து. அதனால் நான் ஆளுக்கு ஒரு எண் கொடுத்தேன், சேர்ந்த வரிசையில். தலைவர் ஒன்று, சேட்டன் இரண்டு, நான் மூன்று. நான் “எண்ணுவோம்” என்றதும் முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே ஆள் இல்லை.

நாலாம் எண்ணில் வந்தவள் கடையத்தில் மருந்தாளுநர். முதலுதவிப் பெட்டி அவள் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் எண்ணும்போது எனக்கு அடுத்து அவள் குரல் வருவதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, ஒரு வருடத்தில் நாங்கள் தென்காசியில் ஒரே வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். வீட்டுக்காரம்மா எங்களை ‘மாடி டீச்சருங்க’ என்பார். எங்களில் யாருமே டீச்சர் இல்லை. அவராக முடிவு செய்ததை நாங்கள் திருத்தவில்லை.

ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்களை இந்தக் கதையில் அப்படியே விட்டுவிடுகிறேன். அவர்கள் ஒழுங்காக எண்ணுவார்கள், அது போதும்.

எட்டு பேரோடு ஒரு வருடம் நின்றது. அப்புறம் ஒருவன் வந்தான். இருபத்தாறு வயது, ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன். மெல்லிய குரல், மெல்லிய நடை. கைகள் மட்டும் படு உறுதி. புதிதாக வருபவர்களை முதலில் கடையம் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறைக்குக் கூட்டிப்போய் கயிறு பழக்குவோம். கயிறு ‘8’ போல விழும் எட்டு முடிச்சைச் சொல்லிக்கொடுத்தேன். பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அவன் மூன்றாவது முறையிலேயே கண்ணை மூடிக்கொண்டு போட்டான்.

“நரம்பு தேடுத கை அக்கா இது” என்றான்.

எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. கயிற்றில் இறங்கும் முன் வழக்கம்போல எண்ணிக்கொள்ள வேண்டும். நான் சீட்டைப் பார்த்து, அடுத்த வரியில் டிக் போட்டபடி, “நீங்க ஒம்பது” என்றேன்.

அவன் பெல்ட்டைக் கழற்றி, மடித்து, என் காலடியில் வைத்தான். “எனக்கு நேரமாச்சு அக்கா” என்று சொல்லிவிட்டுப் பைக் நிற்கும் பக்கம் நடந்தான்.

எனக்கு விளங்கவே இல்லை. பெல்ட் அளவு சரியில்லையோ என்று யோசித்தேன். நாலாம் எண்தான் என் முழங்கையில் இடித்தாள். “ஏட்டி, அவன்கிட்ட என்ன சொன்ன, தெரியுதா உனக்கு?”

அப்போதுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டாம். கொஞ்சம் மெதுவாகப் பேசும் பையன், கையை ஆட்டி நடக்கும் பையன், பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் பையன், எல்லோருக்கும் வகுப்பில் வைக்கும் பெயர் அது. ஒன்பது. நானும்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் அது என்னைப் பார்த்து எறியப்பட்டதில்லை. பெண்பிள்ளைகளுக்கு வேறு சொற்கள் இருந்தன. எட்டு பேரோடு நின்றிருந்தவரை எங்களுக்கு அந்த எண் தேவைப்படவும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் ஓடிக்கொண்டிருந்தார். தொப்பையும் பெல்ட்டும், பெல்ட்டில் தொங்கிய அத்தனை கொக்கிகளும் குலுங்க, பாறைச் சரிவில் ஓடினார்.

“ஏலே தம்பி, நில்லுலே! இங்கன ஒம்பதே கெடையாதுலே! எட்டுக்கு அடுத்தது பத்துதான்!”

அவன் நின்றான். “அதெப்படி?”

“அப்படித்தான். நம்ம கடை அண்டாவுலயே ஒம்பதாம் நம்பர் கெடையாது. வேணும்னா வந்து பாத்துக்கோ. நீ பத்துலே. ரவுண்டான நம்பர்.”

அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நான் சீட்டைத் தூக்கிக் காட்டி, ஒன்பது என்ற வரியைப் பேனாவால் அடித்தேன். அவன் திரும்பி வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு பாறையில் இறங்கினான்.

அண்டா விஷயத்தைத் தலைவர் அவனைத் தேற்றுவதற்காக அடித்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வாரம் கடைக்குப் போனபோது பார்த்தேன். சுவரோரம் கவிழ்த்து வைத்த அண்டாக்களில் சிவப்புப் பெயின்டில் எண்கள். ஏழு, எட்டு, பத்து, பதினொன்று. தலைவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். “எனக்கும் பள்ளிக்கூடத்துல அந்தப் பேருதான்” என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டிக் கட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒன்பது முழுவதுமாக ஒழிந்தது. யாரும் தீர்மானம் போடவில்லை, விளையாட்டாகவே நடந்தது. எட்டு முடிச்சில் கயிற்றை இன்னும் ஒரு அரைச் சுற்றுச் சுற்றினால் ஒன்பது முடிச்சு என்று ஒன்று வரும். எடை தாங்கிய பிறகும் இறுகிப்போகாமல் சுலபமாக அவிழும், நல்ல முடிச்சு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘எட்டே முக்கால்’. காலை ஒன்பது மணிக்குச் சந்திக்க வேண்டுமானால் தலைவர் குழுவில் ‘எட்டு அறுபதுக்கு எல்லாரும் வந்துரணும்’ என்று எழுதுவார். முதலில் அதற்குச் சிரித்தவன் பத்துதான்.

அவன் வீட்டில் யாருக்கும் அவன் எங்களோடு வருவது தெரியாது. வாப்பா வெளிநாட்டில். வீட்டில் உம்மாவும் ஒரு தங்கையும். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் அவனுக்கு டியூட்டி என்று உம்மா நினைத்துக்கொண்டிருந்தார். காட்டுப் பாதைக்கு அனுமதி வாங்க நான் படிவம் தயாரித்தபோது இது பிரச்சினை ஆனது. அவசரத்துக்கு அழைக்க ஒரு வீட்டு எண் எல்லோரும் தர வேண்டும். அவன் ஒரு நண்பனின் எண்ணைச் சொன்னான்.

“அவரு யாரு?”

“கூட வேலை பாக்கவன். போன் எடுக்க மாட்டான். அதான் நல்லது.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மலையில் கால் முறிந்தால் போன் எடுக்காத நண்பன் உதவ மாட்டான். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ரொம்ப நேரம் பேசிய பிறகு அவன் உம்மாவின் எண்ணைத் தந்தான், ஒரு நிபந்தனையோடு.

“எலும்பு முறிஞ்சா மட்டும்தான் அக்கா. வேற எதுக்கும் அந்த நம்பருக்குப் போன் போகக் கூடாது. போச்சுன்னா, யாரு கூட போன, எதுக்குப் பொய் சொன்ன, எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். எனக்கு இன்னும் அதுக்குத் தெம்பு வரல.”

“போகாது” என்றேன். “என் பொறுப்பு.”

படிவத்தைக் கணினியில் அடித்தேன். வரிசை எண் என்ற இடத்தில் எங்கள் குழு எண்ணையே போட்டேன். ஒன்று முதல் எட்டு, பிறகு பத்து. ஒழுங்கு என்றால் எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கு இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. கீழே ‘மொத்தம்’ என்ற கட்டத்தில் தானாகவே நிரம்பும்படி எப்போதோ எழுதிவைத்த ஒரு சூத்திரம் இருந்தது. அது வரிகளை எண்ணாது. வரிசை எண்களில் எது பெரியதோ அதை எடுத்துப் போடும். எட்டு பேர் இருந்தவரை இரண்டும் ஒன்றுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தம்: 10 என்று அச்சாகி, இரண்டு பிரதிகள் போயின. ஒன்று கீழே சோதனைச் சாவடிக்கு. இன்னொன்று எங்களோடு வரும் வனக் காவலருக்கு.

பண்பொழியைத் தாண்டி மலையடிவாரத்தில் அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் வாக்கி டாக்கி, கையில் கழி. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார்.

“எல்லாரும் வந்தாச்சு அண்ணாச்சி” என்றார் தலைவர்.

ஏறினோம். அருமையான நாள். இரண்டு மணி நேரம் காட்டுக்குள், பிறகு புல்வெளி, கீழே அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் போல. அட்டைகள் மட்டும் அன்று கணக்கில்லாமல். சேட்டனின் கெண்டைக்காலில் ஒரே நேரத்தில் நாலு ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் உட்கார்ந்து சாவகாசமாக உப்புப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“போன மாசம் சுகர் டெஸ்ட்டுக்கு ஒரு ஊசி போட்டதுக்கு என்னா கத்து கத்துனீங்க சேட்டா! இப்ப நாலு அட்டை குடிக்குது, சும்மா இருக்கீங்க.”

“அட்டை ரிப்போர்ட் தராதில்லே மோனே” என்றார் சேட்டன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே தலைவர் தூக்குவாளிகளைத் திறந்தார். தக்காளிச் சோறு, அவித்த முட்டை, வடகம், வெங்காயப் பச்சடி. காவலருக்கு முதல் தட்டு. “கல்யாண வீடு மாதிரில்லா இருக்கு” என்று அவர் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். நாலாம் எண் என் தோளில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினாள். காவலர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் முட்டையில்தான் கவனமாக இருந்தார்.

இறங்கத் தொடங்கியதும் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு முன்னால் தெரியவில்லை. ஓர் ஓடையைக் கடக்க வேண்டிய இடத்தில் காவலர் எல்லோரையும் நிறுத்தினார். “தாண்டுததுக்கு முன்ன ஆளை எண்ணிக்கிடுவோம். தண்ணி கூடியிருக்கு.”

“நாங்க எண்ணிக்கிடுதோம் அண்ணாச்சி” என்று நான் பெருமையோடு சொன்னேன். “எண்ணுவோம்!”

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. ஏழு. எட்டு.

“பத்து.”

காவலரின் கழி தரையில் நின்றது. “நில்லுங்க. ஒம்பது எங்க?”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒம்பதாவது ஆளு எங்கம்மா?”

“அப்படி ஒரு ஆளு இல்ல அண்ணாச்சி” என்றேன். “நாங்க மொத்தமே...”

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். சாரலில் நனைந்து பெயர்கள் எல்லாம் நீலமாகக் கரைந்துபோயிருந்தன. அடியில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே ஒரு வரி மட்டும் பிழைத்திருந்தது. மொத்தம்: 10. அவர் கழியை நீட்டி ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது தலைகள்.

“ஒரு ஆளு கொறையுது.” அவர் குரல் மாறிவிட்டது. “காலையில எண்ணாம விட்டது என் தப்பு. யாரு வரல? எங்கன விட்டிய?”

தலைவர் நிலைமையைச் சமாளிக்க நினைத்தார். சேட்டனும் நினைத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்ததுதான் தப்பு.

“அவருக்குக் காய்ச்சல் அண்ணாச்சி, வரல” என்றார் தலைவர்.

“கல்யாணத்துக்குப் போயி சாரே” என்றார் சேட்டன்.

காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “காச்சலோட கல்யாணத்துக்குப் போனாரோ? காலையில எல்லாரும் வந்தாச்சுன்னு நீங்கதான சொன்னிய?”

தலைவர் தலையைச் சொறிந்தார். நான் உள்ளே புகுந்தேன். உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், அதாவது என் துறை சார்ந்த உண்மையை. “அண்ணாச்சி, தப்பு என்னோடது. இது கம்ப்யூட்டர் சூத்திரத்துல வந்த பிழை. மொத்தம்ங்கிற கட்டத்துல எண்ணிக்கைக்குப் பதிலா உச்ச மதிப்பு வந்துட்டு. பேரு ஒம்பதுதான் எழுதியிருக்கு.”

“சூத்திரம் கீத்திரம்லாம் எனக்கு வேண்டாம்மா. ஒரு பேரை எழுதாமலும் விட்டிருக்கலாம்லா. எட்டுக்குப் பொறவு ஒம்பது. நானும் பள்ளிக்கூடம் போனவன்தான். கம்ப்யூட்டர் தப்பா எழுதிச்சு, சரி. இந்தத் தம்பி வாயாலயே பத்துன்னு சொன்னானே, அவனும் கம்ப்யூட்டரா?”

நான் என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் இதற்கு ஒரு வரி இல்லை.

“இதேமாரிதான் முன்ன ஒரு கூட்டம்” என்றார் காவலர். “ஒருத்தன் பாறையில வழுக்கி உழுந்துட்டான். கூட வந்த பயலுவ பயத்துல மறைச்சிட்டானுவ. தேடிக் கண்டுபிடிக்கதுக்குள்ள எங்க உயிரு போய் வந்துட்டு. நான் இதுல வெளையாட மாட்டேன்.” வாக்கி டாக்கியைத் தோளிலிருந்து எடுத்தார். “கீழ இன்னொரு காப்பி இருக்கு. நனையாத காப்பி. எல்லாரு வீட்டு நம்பரும் அதுல இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கா போன் போட்டுக் கேட்டா, யாரு கெளம்பினா, யாரைக் காணோம்னு தெரிஞ்சிரும்.”

நான் திரும்பிப் பத்தைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ‘என் பொறுப்பு’ என்று நான் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எலும்பு எதுவும் முறியவில்லை. ஒரு சூத்திரம் மட்டும்தான் தப்பு. அதற்காக இன்னும் ஐந்து நிமிடத்தில் அவன் உம்மாவின் போன் அடிக்கப் போகிறது. ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கும் மகன் மலையில் காணாமல் போயிருக்கலாம் என்று யாரோ ஒருவர் சொல்லப்போகிறார்.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம்” என்றேன். ஏன் எங்களிடம் ஒன்பது இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. அவன் முன்னால் வந்தான்.

“போட வேண்டாம் அண்ணாச்சி. நான்தான் ஒம்பது.”

“அப்ப பத்து?”

“பத்தும் நான்தான்.”

“ரெண்டு டிக்கெட்டா ஒனக்கு?”

யாரோ சிரிப்பை அடக்கியது மேகத்துக்குள் கேட்டது. அவன் சிரிக்கவில்லை. “ஸ்கூல்ல என்னை ஒம்பதுன்னுதான் அண்ணாச்சி கூப்பிடுவாங்க. பேரையே சொல்ல மாட்டாங்க. இங்க சேந்தப்ப வரிசைப்படி அந்த நம்பர்தான் எனக்கு வந்துச்சு. நான் எந்திரிச்சுப் போய்ட்டேன். அதனால இவங்க எனக்காக அந்த நம்பரையே எடுத்துட்டாங்க. எட்டுக்கு அடுத்து பத்து. வேற யாரும் இல்ல. யாரையும் விட்டுட்டு வரல.”

காவலர் அவனையும், பிறகு எங்கள் எல்லோரையும் வரிசையாக ஒருமுறை பார்த்தார். சேட்டனின் கை தலைவரின் பையைப் பிடித்திருந்தது. என் கை நாலாம் எண்ணின் கையில் இருந்தது. பார்த்து முடித்ததும் ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“சவத்தை, இதுக்கா? எனக்கு நெஞ்சுவலியே வந்துட்டு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இல்லாத பத்தாவது ஆளை நான் இந்த மழைக்குள்ள எங்கன போய்த் தேடுவேன்? இருக்குத ஒம்பது பேரையும் ஒழுங்கா எண்ணிட்டா என் சோலி முடிஞ்சிருமே. எண்ணுங்க, முதல்லேருந்து. என் காதால கேக்கணும்.”

நான் “எண்ணுவோம்” என்றேன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு என்றேன். நாலு. ஐந்தும் ஆறும் ஏழும் எட்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒம்பது.”

“கேக்கல” என்றார் காவலர்.

“ஒம்பது!”

இரண்டாம் முறை நல்ல சத்தம். அந்த மெல்லிய குரலுக்குள் அவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காவலர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். “ஒம்பது பேரு. ஒம்பது பேரும் சரியா இருக்காவ. எறங்குதோம்.”

கீழேயிருந்து ஒரு குரல் கரகரத்தது: “பேப்பர்ல பத்துன்னுல்லா இருக்கு?”

“ஒம்பது, ஒம்பது. பத்துன்னு போட்டது அந்த எஞ்சினியரம்மாவுக்கு எண்ணத் தெரியாம வந்தது.”

அடிவாரம் வரும்வரை எனக்கு அதே பட்டம்தான். ஓடையில் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குக் கால் வைக்கும்போதெல்லாம் நாலாம் எண், “எண்ணத் தெரியாட்டா நான் எண்ணித் தாரேன்ட்டி, இது ஒண்ணு, இது ரெண்டு” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் எண்ணியபடியே கால் வைத்தேன்.

அடிவாரத்து டீக்கடையில் காவலரும் எங்களோடு டீ குடித்தார். கிளம்பும்போது அவன் தோளைத் தட்டி, “அடுத்த தடவை வரும்போது அந்தச் சத்தத்தை மொதல்லயே போடு” என்றார். அவன் தலையாட்டினான். அவர் போன பிறகு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், படிவத்துக்காக ஒன்று, கடையம் பாறையில் சொன்னதற்காக ஒன்று. இரண்டாவதை நான் அதுவரை கேட்டிருக்கவில்லை.

“உங்க வாய்ல வந்துட்டு அக்கா, அவ்வளவுதான்” என்றான். “பாறையில நீங்க சொன்னப்ப பத்து வருசத்துக்கு முன்ன போயிட்டேன். இன்னைக்கு நானே சொன்னேனா, எங்கயும் போகல. அங்கனயேதான் நின்னேன்.” டீயை ஊதினான். “அந்த வாக்கி டாக்கில அவரு ‘ஒம்பது, ஒம்பது’ன்னு சொன்னாரு பாத்தீங்களா? வெங்காய மூட்டைய எண்ணுத மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.”

தலைவர் எழுந்து வேட்டியை உதறினார். “சரி, நாளைக்கு ஒம்பது மணிக்குக் கடை தெறக்க...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எத்தனை மணிக்கு?” என்றான் அவன். “எட்டு அறுபதுக்கா?”

டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

அன்று இரவே சூத்திரத்தைத் திருத்தினேன். என் பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரியும் சேர்த்தேன்: தாளை நம்பாமல் தலைகளை எண்ணவும். ‘எட்டே முக்கால்’ முடிச்சுக்கு அதன் சொந்தப் பெயர் திரும்ப வந்துவிட்டது. அதை எங்களில் மிக வேகமாகப் போடுபவன் அவன்தான். தலைவர் கடையில் ஒரு புது அண்டா வாங்கியிருக்கிறார். எண் எழுத பெயின்டும் பிரஷும் எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் எழுதவில்லை. “வரிசையில நடுவுல எடம் இல்லலா, எல்லாத்தையும் நகத்தணும்” என்கிறார். நாங்கள் அவரை அவசரப்படுத்துவதில்லை. படிவத்தில் அவன் உம்மாவின் எண் இன்னும் அதே கட்டத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் அழைக்கவில்லை.

போன மாதம் புதிதாக ஒருத்தி வந்தாள். ஆலங்குளத்துப் பக்கம், போட்டோ ஸ்டூடியோவில் வேலை. அதே கடையம் பாறைக்குக் கூட்டிப்போனோம். பெல்ட்டை மாட்டிவிட்டு, சீட்டைப் பார்த்து, இந்த முறை வாயைத் திறக்கும் முன் நான் ஒரு கணம் யோசித்தேன். அவளுக்கு வரிசைப்படி வந்தது பத்து.

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “பாத்து வச்சுக்கிடுங்க அக்கா” என்றான். “நாலு மாசம் நான் வச்சிருந்த நம்பர் அது. ஒரு கீறல் கெடையாது.”